கருப்பையா விளையாடத் தடை

ஓய்வு பெறுவதற்கு ஒரு வாரம் முன்னால், எங்கள் கம்பெனியின் கடைசி விளையாட்டு மிஷினிலிருந்து காயின் பெட்டியைக் கழற்றினேன். அந்த இடத்தில் கார்டு தேய்க்கும் கருவியைப் பொருத்த வந்திருந்தான் ரியாஸ். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத டெக்னீஷியன். கழற்றிய பெட்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தவன், "அண்ணே, இதுல போடுறது நல்ல காசா கள்ளக் காசான்னு மிஷினுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டான். முப்பது வருஷம் அந்தப் பெட்டியோடு குடித்தனம் நடத்தியவனிடம் கேட்கிற கேள்வியா இது! சொல்லிக் கொடுத்தேன். அதோடு விட்டானா? "சூதாட்ட மிஷினுக்கெல்லாம் லைசன்ஸ் வரப்போவுதுன்னு பேசிக்கிறாங்களே, நம்ம கம்பெனியும் எடுக்குமாண்ணே?" என்றான். "இதையெல்லாம் எழுதி குரூப்ல போடுங்கண்ணே" என்று மற்ற பையன்களும் சேர்ந்துகொண்டார்கள். நான் எழுத ஆரம்பித்தால் வாட்ஸ்அப்பில் அடங்காது என்று எச்சரித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

என் பெயர் சோமசுந்தரம். சொந்த ஊர் திருத்துறைப்பூண்டி. டி.வி. ரிப்பேர் வேலை என்று சொல்லித்தான் ஏஜென்ட் என்னை பஹ்ரைனுக்கு அனுப்பினான். குதைபியாவில் ஏழு பேர் தங்கும் ரூமில் பெட்டியை வைத்துவிட்டு மறுநாள் டூட்டிக்குப் போனால், என்னிடம் ஒப்படைத்தது ஒரு யானையை. காசு போட்டால் மூன்று நிமிஷம் முன்னும் பின்னும் ஆடும் ஃபைபர் யானை. அதற்குள் மோட்டார், பெல்ட், ஒரு ஸ்பீக்கர். மூன்று வருஷம் யானை, குதிரை, ஹெலிகாப்டர் என்று வைத்தியம் பார்த்தேன். கை பழகியதும் கம்பெனி என்னை துபாய் கிளைக்கு மாற்றியது. அங்கேதான் குரியன் சாரிடம் வந்து சேர்ந்தேன்.

எங்கள் கம்பெனி விளையாட்டு மிஷின்களை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, மால்களிலும் ஹைப்பர் மார்க்கெட்டுகளிலும் நிறுத்திப் பராமரிக்கும் விநியோகஸ்தர். குரியன் சார் கிளை மேனேஜர். கோட்டயத்துக்காரர், ஆறடி உயரம், ஆளைப் பார்த்தால் ஒரு ஹைகோர்ட் ஜட்ஜ் என்று தோன்றும். தினமும் டை கட்டுவார். டையைக் கட்டிக்கொண்டே, குடோனிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு குழந்தை மிஷினிலும் தானே ஏறி உட்கார்ந்து மூன்று நிமிஷமும் ஆடிப் பார்ப்பார். முகத்தில் சிரிப்பு இருக்காது. முழங்கால் இரண்டும் காதைத் தொட்டுக்கொண்டிருக்கும். மூன்று நிமிஷம் முடிந்து இறங்கி, "பின்கால்ல ஒரு சின்ன ஷேக் உண்டு, நோக்கு" என்பார். பார்த்தால் பின்காலில் ஒரு நட்டு தளர்ந்திருக்கும். "குட்டி உக்காரும் முன்னே நம்ம உக்காரணும். அது மதி, அதே போதும்" என்பது அவருடைய ஒரே பாடம்.

ரியாஸ் கேட்ட கேள்விக்கு வருகிறேன். வெளிநாட்டிலிருந்து வரும் கேட்டலாக்குகளில் முன் பாதியில் எங்கள் சரக்கு இருக்கும்: யானை, கார் பந்தயம், கூடைப்பந்து, பொம்மை பிடிக்கும் கிரேன். பின் பாதியில் கைப்பிடி வைத்த ஸ்லாட் மிஷின்கள். பளபளவென்று செர்ரிப் பழமும் ஏழாம் நம்பரும் சுற்றும். கேட்டலாக் வந்ததும் குரியன் சார் முதல் வேலையாக ஸ்டேப்ளரை எடுத்துப் பின் பாதிப் பக்கங்களைச் சேர்த்து டக் டக்கென்று பின் அடித்துவிடுவார். "இது லக். இது ஸ்கில். நடுவில ஸ்டேப்ளர்." திறமைக்குப் பரிசு கொடுத்தால் விளையாட்டு, அதிர்ஷ்டத்துக்குக் கொடுத்தால் சூது. சூதுக்கு இந்த நாட்டில் மாஃபி, இடமே கிடையாது; கம்பெனியை மூடிவிட்டு மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு நூலிழையில் நின்றுகொண்டிருந்தது எங்கள் கிரேன் மிஷின்.

கிரேன் மிஷினை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கண்ணாடிக் கூண்டு, உள்ளே பொம்மைகள், மேலே மூன்று விரல் கொக்கி. குச்சியை ஆட்டிக் கொக்கியை நகர்த்தி, பட்டனை அமுக்கினால் அது இறங்கிப் பொம்மையைக் கவ்வும். கவ்வியதை மூலையில் இருக்கும் குழியில் கொண்டுபோய்ப் போட்டால் பொம்மை நமக்கு. கொக்கியின் பிடி எவ்வளவு இறுக்கம் என்பதைப் பின்கதவைத் திறந்து ஒரு திருகாணியால் வைக்கலாம். இந்தத் திருகாணிக்கு குரியன் சார் ஒரு சோதனை வைத்திருந்தார். இருநூறு கிராம் டீத்தூள் பாக்கெட் ஒன்றைக் கொக்கிக்கு நேர் கீழே கையாலேயே வைப்பார். ஐந்து முறை கவ்வ வேண்டும். மூன்று முறையாவது குழிவரை போய்ச் சேர்ந்தால் பிடி நியாயம். குறைந்தால் மோசடி என்பார். பொம்மைகளையும் தளர்வாகத்தான் அடுக்க வேண்டும். ஒவ்வொன்றின் கழுத்துக்கடியிலும் என் விரல் போக வேண்டும்.

ஆரம்பத்தில் அந்த மிஷின்கள் ஒரு திர்ஹாம் காசில் ஓடின. காயின் பெட்டிக்குள் மாதிரிக்கு ஒரு நல்ல திர்ஹாமை மாட்டி வைத்திருப்போம். விழுகிற காசு அதைப் போலவே இருந்தால் பெட்டி ஏற்றுக்கொள்ளும். ஒரு நாள் பெட்டியைத் திறந்தால் பாதிக்கு மேல் பிலிப்பைன்ஸ் நாட்டு ஒரு பெசோ! அளவும் எடையும் திர்ஹாமுக்கு உடன்பிறப்பு மாதிரி, மதிப்பில் மட்டும் பல மடங்கு கம்மி. பெட்டிக்கு என்ன தெரியும், பாவம். குரியன் சார் ஒரு பெசோவை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து, "நல்ல ஐடியா தான்" என்று மரியாதையோடு பாராட்டிவிட்டு, மறுவாரமே எங்கள் சொந்த டோக்கன் அடிக்க ஆர்டர் கொடுத்தார்.

இனி நான் செய்த கூத்து. அந்த வருஷம் குரியன் சார் இரண்டு மாதம் லீவில் ஊருக்குப் போனார். பொறுப்பை என்னிடம் கொடுத்துச் சாவிக்கொத்தை நீட்டி, "சோமு, மிஷின் கெட்டா தொடு. நல்லா இருக்கிறதைத் தொடாதே, கேட்டோ" என்றார். அப்போது எனக்கு கல்ஃபில் பதினோரு வருஷம் சர்வீஸ். மூன்று மாதம் முன்புதான் என் மனைவி கமலாவையும் மகளையும் ஃபேமிலி விசாவில் வரவழைத்து, கராமாவில் ஒற்றை பெட்ரூம் எடுத்திருந்தேன். மகள் இரண்டாம் வகுப்பில் சேர்ந்திருந்தாள். மனுஷனுக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் இருந்தது.

கராமாவுக்குப் பக்கத்தில் ஒரு ஹைப்பர் மார்க்கெட்டிலிருந்து போன் வந்தது. "உங்க கிரேன் மிஷின்ல பொம்மையே இல்ல, காலியா நிக்குது." போய் நிரப்பினேன். அடுத்த சனிக்கிழமை மறுபடி காலி. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை நானே போய், அரிசி மூட்டை அடுக்குக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்தேன்.

மதியத்துக்கு மேல் ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும், கறுத்து மெலிந்த உடம்பு, நெற்றியில் திருநீறு. ஐந்தே டோக்கன் வாங்கினார். முதல் டோக்கனைப் போட்டு, கொக்கியை நகர்த்தினாரே தவிர பட்டனைத் தொடவில்லை. அது ஊசலாடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் முடிந்து கொக்கி தானாக இறங்கி வெறுங்கையோடு ஏறியது. அதற்குப் பிறகு நான்கு டோக்கன், நான்கு பொம்மை. கரடி, கரடி, முயல், வாத்து. பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

வாசலில் நின்ற நேபாளி செக்யூரிட்டியிடம் விசாரித்தேன். "எதிர்ல கட்டுறாங்களே பெரிய பில்டிங், அதுல டவர் கிரேன் ஓட்டுறார் சாப்" என்றான். கொல்லத் தெருவில் ஊசி விற்றவன் கதை தெரியுமல்லவா? நான் அதைச் செய்துகொண்டிருந்தேன்.

நியாயமாகச் சிரித்துவிட்டு வந்திருக்க வேண்டும். எனக்கோ ரோஷம் வந்துவிட்டது. முதல் வாரம் பின்கதவைத் திறந்து கொக்கியின் பிடியைத் தளர்த்தினேன். மனிதர் அசரவில்லை. கவ்வுவதை விட்டுவிட்டு, கொக்கியை ஊசலாட்டி அது போகிற போக்கில் பொம்மையைக் குழிக்குள் தட்டிவிட்டார். இரண்டாவது வாரம் பொம்மைகளை வைக்கோல் போர் மாதிரி அழுத்தி அடைத்தேன். ஒன்றின் காதைப் பிடித்து நெம்பி, பக்கத்தில் இருந்ததைக் குழியில் உருட்டினார். மூன்றாவது வாரம் கேமராவில் பதிந்த அவருடைய படத்தைப் பிரிண்ட் எடுத்து, மிஷினுக்குப் பக்கத்துத் தூணில் நோட்டீஸ் ஒட்டினேன். ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் எழுதியிருந்தேன்: "இந்த நபர் இந்த மிஷினில் விளையாடத் தடை. கண்டால் பிடித்து செக்யூரிட்டியிடம் ஒப்படைக்கவும்." நேபாளியிடம் முகத்தை நன்றாக மனப்பாடம் செய்துகொள்ளச் சொன்னேன். அந்த வெள்ளிக்கிழமை அவரை வாசலிலேயே மடக்கி, பத்துப் பேர் பார்க்கத் திருப்பி அனுப்பினோம். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பில், தளர்த்திய பிடியைத் திரும்ப முறுக்கவும், அடைத்த பொம்மைகளைப் பிரிக்கவும் மறந்துபோனேன்.

பத்து நாள் கழித்து அரசாங்க அதிகாரி ஒருவர் அந்த ஹைப்பர் மார்க்கெட்டுக்கு வந்து எனக்கு ஆள் விட்டார். வெள்ளைக் கந்தூரா அங்கி, மெலிந்த தாடி, மிகவும் சாந்தமான குரல். ஒரு தகப்பனார் எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறார்: மகன் நாற்பது டோக்கன் போட்டும் ஒரு பொம்மைகூட வரவில்லை, இது விளையாட்டல்ல, சூதாட்டம்.

"இது திறமையா, அதிர்ஷ்டமா?" என்று ஆங்கிலமும் உருதும் கலந்து கேட்டார்.

"திறமைதான் சார், நூத்துக்கு நூறு" என்றேன்.

"நல்லது. விளையாடிக் காட்டு."

அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. பதினோரு வருஷத்தில் நான் ஒரு தடவைகூட அந்த மிஷினில் விளையாடியதில்லை. பொம்மை வேண்டுமென்றால் சாவியைப் போட்டுப் பின்கதவைத் திறந்து எடுப்பேன். எங்கள் கம்பெனியில் எல்லோருமே அப்படித்தான். பத்து டோக்கன் போட்டேன். கொக்கி பத்து தடவை இறங்கி, பொம்மைகளின் தலையைத் தடவி ஆசீர்வாதம் செய்துவிட்டு ஏறியது.

"எத்தனை வருஷமாக இந்த வேலையில் இருக்கிறாய்?"

"பதினொண்ணு, சார்."

"பதினோரு வருஷத் திறமை இவ்வளவுதானா?" கோபமே இல்லாமல் கேட்டார். அதுதான் வலித்தது. பிறகு மிஷினின் பின்கதவிலும் டோக்கன் துவாரத்திலும் சீல் ஒட்டினார். "அடுத்த புதன், மாலை நாலு மணி. யாரை வேண்டுமானாலும் கூட்டி வா. இதே மிஷின், இப்படியே இருக்க வேண்டும். பத்து டோக்கனில் ஒரு பொம்மை வந்தால் திறமை. வராவிட்டால் உங்கள் கிரேன் மிஷின் எல்லாவற்றுக்கும் சீல், ஃபைல் மேலே போகும்."

கம்பெனியில் பாதி மிஷின் கிரேன்தான். அது போனால் கிளை போகும். கிளை போனால் என் விசா போகும், என் விசாவோடு கமலாவின் விசாவும் மகளின் பள்ளிக்கூடமும் போகும். வீட்டுக்குப் போய் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட உட்கார்ந்தேன். "ஏங்க, சாம்பார்ல உப்பு இல்லாம ரெண்டு தடவ வாங்கிச் சாப்புடுறீங்களே, என்ன ஆச்சு?" என்றாள் கமலா.

இரண்டு நாளில் குரியன் சார் லீவு முடிந்து வந்தார். விமான நிலையத்தில் இறங்கிய சூட்டோடு விஷயத்தைக் கேட்டுவிட்டு, நேரே குடோனுக்கு வந்து அங்கிருந்த கிரேன் மிஷினில் ஒவ்வொருவராக விளையாடச் சொன்னார். டிரைவர் விளையாடினார், அக்கவுன்டன்ட் விளையாடினார், டீ போடுகிற மம்மது காக்காவும் விளையாடினார். கடைசியில் குரியன் சாரே டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டு ஆறு டோக்கன் போட்டார். விநியோகஸ்தர் கம்பெனி மொத்தமும் சேர்ந்து ஒரு வாத்தைக்கூட அசைக்க முடியவில்லை.

"ஈ மிஷினில் ஜெயிச்ச ஒரு மனுஷன்கூட இந்த துபாயில் இல்லையா?" என்றார்.

எனக்குத் தெரிந்து ஒருவர் இருந்தார். சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் எல்லோருடைய வேலையும் போகும். சொன்னேன். பிடியைத் தளர்த்தியது, பொம்மையை அடைத்தது, நோட்டீஸ் ஒட்டியது, ஒன்று விடாமல்.

குரியன் சார் நாற்காலியில் உட்கார்ந்தார். "டீ பாக்கெட் வெச்சு நோக்கினாயா?"

"இல்ல சார்."

"எந்து கொண்டு? ஏன்?"

"பாக்கெட்டு இல்ல சார். நீங்க ஊருக்குப் போனப்பறம் ஒரு நாளு குடோன்ல டீத்தூள் தீந்துபோச்சு. போட்டுக் குடிச்சுட்டோம்."

அவர் திட்டவில்லை. "உன் வைஃப், குட்டி வந்து எத்தனை மாசம்?" என்று கேட்டார். ஐந்து என்றேன். தலையை ஆட்டினார். எழுந்து என் சட்டைப் பையில் பஸ் டிக்கெட் கட்டு ஒன்றைச் செருகி, "தடை போட்டவன் தான் போய்க் கூப்பிடணும்" என்றார்.

சோனாப்பூர் லேபர் கேம்பில் விசாரித்து விசாரித்து அவருடைய ரூமைக் கண்டுபிடித்தேன். கதவைத் திறந்ததும் திகைத்துப்போய் நின்றேன். ஆறு கட்டில். கட்டிலுக்குக் கட்டில் பொம்மை. மீசை வைத்த கம்பி கட்டுகிற ஆள் ஒருவர் இளஞ்சிவப்புக் கரடியைத் தலைக்கு வைத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஹெல்மெட் மாட்டும் ஆணியில் முயல் தொங்கியது. எல்லாம் நான் நிரப்பிய சரக்கு.

நம் ஆள் கீழ்க்கட்டிலில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தார். பெயர் கருப்பையா, கமுதிப் பக்கம். என்னை அடையாளம் கண்டதும் கையிலிருந்த முறுக்கை வைத்துவிட்டார்.

"என்னண்ணே, இங்கிட்டும் நோட்டீஸ் ஒட்ட வந்தீகளா?"

"இல்லங்க. மன்னிப்புக் கேக்க வந்தன்."

"ஒக்காருங்க." நான் உட்கார்ந்தேன். அவர் விடவில்லை. "நான் என்ன கல்லப் போட்டு ஒடச்சா எடுத்தேன்? காசு குடுத்தேன், வெளையாண்டேன். சின்னப் பயலுக முன்னாடி செக்யூரிட்டி என்னயக் கையப் புடிச்சு இழுத்தான்ணே. எம் மகளுக்குப் பொம்ம எடுக்கப் போனவன், திருட்டுப் பட்டம் வாங்கிட்டு வந்தேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள் என்றேன். புதன்கிழமைச் சங்கதியை முழுவதும் சொன்னேன். பிடியைத் தளர்த்தியதையும் மறைக்கவில்லை.

"அது தெரியும்ணே" என்றார் கருப்பையா. "மொத வாரமே தெரியும். மேல நூத்தம்பது அடியில உக்காந்து ரெண்டு டன் கம்பியத் தூக்குறவன் நானு. கொக்கி தளந்தா தெரியாதா? கயறு ஆடுற வரைக்கும் எதையும் எறக்கக் கூடாதுண்ணே. ஆட்டம் அடங்கணும். இல்ல, அந்த ஆட்டத்தையே வேலக்கி வச்சுக்கிறணும். அம்புட்டுத்தான்." அந்த மாதம் அவருக்கு நைட் டூட்டி, மாலை நாலு மணிக்கு வர முடியும். "வாரேன். ஆனா அந்த நோட்டீச எடுத்துரணும். என்னண்ணே அது போட்டோ? கண்ணு ரெண்டும் சொருகி, வாயப் பொளந்துக்கிட்டு. ஊருல எவனாச்சும் பாத்தா என்ன நெனப்பான்?"

சத்தியம் செய்துவிட்டு வந்தேன்.

புதன்கிழமை நாலு மணி. அதிகாரி வந்துவிட்டார். குரியன் சார் புது டையில் நிற்கிறார். சீலைப் பிரித்தார்கள். கருப்பையாவைக் காணோம். நாலே கால். அதிகாரி கடிகாரத்தைப் பார்க்கிறார். அந்த நேரம் பார்த்து வாசல் பக்கம் ஒரே கூச்சல். "சாப்! பகட் லியா! பிடிச்சிட்டேன்!" என்று கத்திக்கொண்டே நேபாளி ஓடி வருகிறான். அவன் பிடியில், தேய்த்த சட்டையும் திருநீறுமாகக் கருப்பையா. நோட்டீசைத் தூணிலிருந்து எடுக்கவும் நேபாளியிடம் சொல்லி வைக்கவும் நான் மறந்தே போயிருந்தேன். அவனோ சொன்ன வேலையைச் சொன்னபடி செய்துவிட்டு, மெடல் வாங்கப் போகிறவன் போல என் முன்னால் நிமிர்ந்து நின்றான்.

"யார் இது?" என்றார் அதிகாரி.

நேபாளி பெருமையாகத் தூணைக் காட்டினான். அதிகாரி பக்கத்தில் போய் நோட்டீசை நிதானமாக வாசித்தார். படத்தைப் பார்த்தார், கருப்பையாவைப் பார்த்தார்.

"இதை எழுதியது யார்?"

"நான்தான் சார்."

"எதற்காக இவரைத் தடை செய்தாய்?"

பொய் சொல்ல நேரமில்லை. "இவரு வந்தா எல்லாப் பொம்மையையும் எடுத்துட்டுப் போயிடறாரு சார்."

"அதிர்ஷ்டத்திலா?"

"இல்ல சார். ஒவ்வொரு வாரமும்."

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது. குரியன் சார் கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரியின் தோள் குலுங்க ஆரம்பித்தது. "யா சதீக், நண்பா! அதிர்ஷ்டக்காரனுக்கு எவனாவது தடை போடுவானா? அதிர்ஷ்டம் அடுத்த வாரம் தானே போய்விடுமே! கலாஸ், முடிந்தது; உன் சாட்சி இந்தத் தூணில் இருக்கிறது. ஆனாலும் நான் கண்ணால் பார்க்க வேண்டும்."

கருப்பையா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு மிஷின் முன்னால் நின்றார். முதல் டோக்கன், வெறும் ஊசலாட்டம். அதிகாரி என்னைப் பார்க்க, நான் சாமியைக் கூப்பிட்டேன். இரண்டாவது டோக்கனில் ஒரு முயல் நெம்பிக்கொண்டு நிமிர்ந்தது. மூன்றாவதில் கொக்கி போகிற போக்கில் அதன் முதுகில் ஒரு தட்டு. முயல் குழிக்குள் விழுந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை.

அதோடு அதிகாரி போயிருக்கலாம். அவர் கந்தூராவின் கையை மடித்துக்கொண்டு, "நகருங்கள், நான் பார்க்கிறேன்" என்றார். நான்கு டோக்கன் போட்டார், ஒன்றும் வரவில்லை. ஐந்தாவதில் கருப்பையா பக்கத்தில் போய் நின்று, தமக்குத் தெரிந்த ஹிந்தியில், "சாப், ருக்கோ, ருக்கோ. ஆட்டம் அடங்கட்டும். அபி... அபி... இப்ப!" என்றார். வாத்து வந்தது. அந்த அதிகாரி வாத்தைத் தூக்கிப் பிடித்துச் சிரித்த சிரிப்பை நான் எந்தக் குழந்தையிடமும் பார்த்ததில்லை. புறப்படும்போது முகம் பழையபடி சாந்தமாகிவிட்டது. கொக்கியின் பிடியை இன்றே சரிசெய்ய வேண்டும், பொம்மைகளைத் தளர்த்த வேண்டும், அந்தப் பையனுக்கு நாற்பது டோக்கனும் ஒரு கரடியும் போக வேண்டும் என்றார். தூணைக் காட்டி, "இதை மட்டும் எடுக்காதீர்கள். இதன் நகலை ஃபைலில் வைக்கிறேன். நாளை வேறு அதிகாரி வந்து கேட்டால் இதைக் காட்டுங்கள்" என்றார்.

சத்தியம் ஒரு பக்கம், சாட்சி ஒரு பக்கம். நான் கருப்பையாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றேன். குரியன் சார்தான் அவருடைய தோளில் கை வைத்தார். "வா மோனே. உனக்கு நல்ல ஒரு போட்டோ எடுக்கலாம்."

கராமாவில் ஒரு ஸ்டூடியோவில் கோட்டு மாட்டி, குரியன் சார் தம்முடைய டையைக் கழற்றிக் கட்டிவிட்டு, படம் எடுத்தார்கள். புது நோட்டீசில் பிடித்து ஒப்படைக்கிற பேச்சே இல்லை. "திரு. கருப்பையா அவர்கள் இந்த மிஷினில் விளையாடத் தடை. காரணம்: அளவுக்கு மீறிய திறமை." லேமினேட் செய்து எல்லா மால்களிலும் எங்கள் எல்லா கிரேன் மிஷின்களிலும் ஒட்டினோம். லைசன்ஸ் புதுப்பிக்கிறபோதெல்லாம் அதன் நகலும் கூடவே போனது. பாவம், இப்படி ஊர் முழுக்கத் தடையாகிவிட்டதே என்று ஒரு நாள் கேம்புக்குப் போய் மாதம் ஒரு பொம்மை தருகிறோம் என்றேன். "சும்மா குடுத்தா வேணாம்ணே. தடையவும் எடுத்துறாதீக. எடுத்தா மருவாதி போயிரும்" என்று சொல்லிவிட்டார்.

எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வேலை போகவில்லை. ஆனால் ஒரு மாதம், குடோனை விட்டுப் போகிற ஒவ்வொரு யானையிலும் குதிரையிலும் குரியன் சாருக்குப் பதிலாக நான் டை கட்டிக்கொண்டு ஆடிப் பார்க்க வேண்டும் என்று உத்தரவு. ஒரு நாள் ஒரு மாலில் யானையை இறக்கி வைத்து ஆடிக்கொண்டிருந்தேன். எதிரே என் மகள், அவள் வகுப்புத் தோழிகள் நான்கு பேர், அவர்களுடைய அம்மாக்கள். "இதுதான் எங்கப்பாவோட ஆபீஸ் வொர்க்" என்று மகள் அறிமுகம் செய்து வைத்தாள். நான் இறங்கவில்லை. மூன்று நிமிஷம் முடியவில்லையே!

குரியன் சார் ஓய்வு பெற்றுக் கோட்டயம் போய்விட்டார். அந்த ஸ்டேப்ளரை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். போன மாதம் அதை ரியாஸிடம் கொடுத்தேன். லைசன்ஸ் வருமா, கம்பெனி எடுக்குமா என்பதெல்லாம் பெரியவர்கள் முடிவு செய்யட்டும். பின் அடிப்பதா, பிரிப்பதா என்று அவன் பார்த்துக்கொள்வான்.

சென்ற வாரம் கருப்பையா வீடியோவில் கூப்பிட்டார். ஊரில் புது வீடு கட்டியிருக்கிறார், பால் காய்ச்சினார்களாம். போனைச் சுற்றிக் காட்டினார். ஹாலில் ஒரு கண்ணாடி அலமாரி, அது நிறையக் கரடி, முயல், வாத்து. எல்லாம் தடைக்கு முன்னால் எடுத்தவை. மகள் இன்ஜினியரிங் முடித்துவிட்டாளாம், இன்னும் ஒன்றையும் தொட விடுவதில்லையாம். அலமாரிக்கு மேலே, சாமி படங்களுக்கு வரிசையாக, சந்தன மாலை போட்டு ஃபிரேமுக்குள் அந்த நோட்டீஸ். கோட்டும் டையும் ஜம்மென்று இருந்தன.

"எப்புடிண்ணே இருக்கு? நம்ம சர்டிபிகேட்டு!" என்றார். பிறகு போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "ஆமா, கேக்கணும்னு நெனச்சேன். அம்புட்டு வருசம் அந்த மிசினோட கெடந்தீகளே, நீங்க ஒரு பொம்மயாச்சும் எடுத்தீகளாண்ணே?"

"ஏன் எடுக்காம? எத்தனையோ எடுத்திருக்கேன்."

"கையாலயா, சாவியாலயா?"

"சாவியாலதாங்க" என்றேன். "அதையும் போன மாசம் கொடுத்துட்டேன்."